இரவில் இரண்டு நிமிடம்: காதொலிக் கருவியைப் பேணும் முறை

நவம்பர் மாதம் பிறந்தால் பெங்களூரில் உள்ள எங்கள் கிளைகளில் முதியோர் வருகை மிகும். ரயில்வே, அஞ்சல், பாதுகாப்பு முதலிய துறைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோர், ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழுக்காக வருவர். அவர்களுள் சிலர், அலுவலர் கேட்கும் கேள்விக்கு விடை கூறாமல், உடன் வந்த மகனையோ பேத்தியையோ திரும்பிப் பார்ப்பதுண்டு. “அப்பாவுக்குக் காது கேட்காது, என்னிடம் சொல்லுங்கள்” என்று மகன் முன்வருவார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், “காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம், ஆறு மாதத்தில் கெட்டுப் போயிற்று, பீரோவில் கிடக்கிறது” என்பது பலமுறை நாங்கள் கேட்ட விடையாகும்.

கணக்கு அந்தப் பெரியவருடையது, கையெழுத்தும் அவருடையதே. ஆயினும் வைப்புத்தொகையைப் புதுப்பிப்பதா, வட்டியை மாதந்தோறும் பெறுவதா என்பதை அவர் தாமே கேட்டுத் தாமே முடிவு செய்ய இயலாமல் போகிறது. வங்கியின் பெயரால் வரும் தொலைபேசி அழைப்பு உண்மையானதா, ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுவோருடையதா என்று அறிய, அலைபேசியைப் பிறர் கையில் கொடுக்க நேர்கிறது. வீட்டிலும் இதே நிலைதான். உணவு வேளையில் நடக்கும் பேச்சு விளங்காதபோது, அவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே விலகிவிடுகிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கேட்டல் பற்றிய உலக அறிக்கை, காதொலிக் கருவியால் பயன் பெறக்கூடியோரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே அதனைப் பயன்படுத்துவதாகக் கூறுகிறது. கருவி கையில் இருந்தும் அணியாமல் விடுவது அதனினும் வருந்தத்தக்கது. ‘கெட்டுப் போயிற்று’ என்று ஒதுக்கப்படும் கருவிகளில் பல உண்மையில் கெட்டவை அல்ல. ஒலி வெளிவரும் துளையைக் காதுக் குறும்பி அடைத்திருக்கும். அல்லது உள்ளே ஈரம் ஏறியிருக்கும். அல்லது செல் தீர்ந்திருக்கும். இம்மூன்றையும் வீட்டிலேயே, நாள்தோறும் இரண்டு நிமிடம் ஒதுக்கித் தடுக்கலாம். அதற்கான வழிமுறைகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

கருவியின் உள்ளே நடப்பது என்ன?

எவ்வகைக் காதொலிக் கருவியாயினும் அதன் அடிப்படை ஒன்றே. மைக் ஒலியை வாங்குகிறது. உள்ளிருக்கும் மின்சுற்று அதனைப் பயனாளியின் தேவைக்கேற்பப் பெருக்குகிறது. ரிசீவர் எனப்படும் மிகச் சிறிய ஒலிபெருக்கி அதனைக் காதுக்குள் செலுத்துகிறது. எனவே ஒலி உள்ளே நுழையும் துளை, ஒலி வெளிவரும் துளை, செல் இருக்கும் அறை ஆகிய மூன்று இடங்களும் எப்போதும் தூய்மையாக இருத்தல் வேண்டும்.

காதுக்குப் பின்னால் மாட்டும் வகையில், ஒலி ஒரு பிளாஸ்டிக் டியூப் வழியாக, காதின் அளவுக்கு அச்செடுத்துச் செய்த மோல்டுக்கு வருகிறது. ரிசீவர் காதினுள் அமையும் வகையில், மெல்லிய கம்பியின் முனையில் ரிசீவரும் அதன்மேல் டோம் என்னும் சிறு ரப்பர்க் குடையும் இருக்கும். முழுவதும் காதுக்குள் அமரும் சிறு கருவிகளும் உண்டு. சட்டைப்பையில் வைத்து, கம்பியால் காதுடன் இணைக்கும் பழைய வகையையும் பலர் இன்றும் பயன்படுத்துகின்றனர். தம்முடைய கருவி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்றுக்குப் பொருந்தும் முறை மற்றொன்றைக் கெடுத்துவிடக்கூடும்.

இரு காதுகளுக்கும் கருவி அணிவோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சிவப்புக் குறி வலக்காதுக்கு உரியது; நீலக் குறி இடக்காதுக்கு உரியது. துடைக்கும்போது இரண்டையும் ஒன்றாகக் கழற்றி வைத்தால் மாறிவிடும். ஒன்றை முடித்து மற்றொன்றை எடுப்பதே நன்று.

இரவிலும் காலையிலும் செய்ய வேண்டியவை

கைகளைக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே கருவியைத் தொட வேண்டும். மேசைமீது ஒரு துண்டை விரித்து, அதன் முன் அமர்ந்து செய்தல் நலம். இன்றைய வீடுகளின் கிரானைட், டைல்ஸ் தரையில் இடுப்புயரத்திலிருந்து விழுந்தாலும் கருவி உடையக்கூடும்.

இரவில் கழற்றியவுடன், மென்மையான உலர்ந்த பருத்தித் துணியால் கருவி முழுவதையும் துடைக்க வேண்டும். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இதிலேயே போய்விடும். பின்னர் செல் அறையின் கதவைத் திறந்து வைக்க வேண்டும். இதனால் செல் வீணாவது குறையும். உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறும்.

காதுக்குள் உடற்சூட்டில் இளகியிருக்கும் குறும்பி, இரவு முழுவதும் வெளியில் இருந்தால் உலர்ந்து கெட்டிப்படும். ஆதலால் கருவியுடன் தரப்பட்ட சிறு தூரிகையால் காலையில் தட்டித் துடைத்தால் எளிதில் உதிரும். அவ்வாறு துடைக்கும்போது ஒலி வெளிவரும் துளை கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால், உதிரும் துகள் துளைக்குள்ளேயே இறங்கிவிடும். மைக் துளையைத் தூரிகையால் மேலோட்டமாக வருடினால் போதும், அழுத்துதல் கூடாது. ஒலித்துளையைத் துடைத்த பகுதியால் மைக்கைத் தொடுவதும் கூடாது. ஓரிடத்துக் குறும்பி மற்றோரிடத்துக்குப் போய்விடும்.

செய்யக் கூடாதவை சில உண்டு. ஊசி, ஊக்கு, குச்சி ஆகியவற்றால் எந்தத் துளையையும் குத்துதல் கூடாது. ரிசீவரின் மேலுள்ள சவ்வு கிழிந்தால் அதனை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்பிரிட், சானிடைசர், பெர்ஃப்யூம் முதலியவற்றால் துடைத்தலும் தவறு. ஈரத் துணியும் வேண்டா. கருவிக்கெனவே விற்கப்படும் துடைப்பான்களைக் கேட்பியல் வல்லுநரின் அறிவுரைப்படி பயன்படுத்தலாம்.

மோல்டைக் கழுவும் முறை

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியின் மோல்டை மட்டும் வாரம் ஒருமுறை கழுவலாம். முதலில் டியூபுடன் சேர்த்து மோல்டைக் கருவியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கலந்து, அதில் மோல்டைச் சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். டியூபுக்குள் தங்கும் நீர்த்துளியை, இதற்கென விற்கப்படும் ரப்பர்ப் பந்தினால் காற்றூதி வெளியேற்ற வேண்டும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரமே உள்ளே படியும். இரவு முழுவதும் உலரவிட்டு, துளி நீரும் இல்லை என்று உறுதி செய்த பின்னரே கருவியுடன் இணைக்க வேண்டும்.

கருவியையோ, ரிசீவர் பொருந்திய முனையையோ, காதுக்குள் அமரும் வகையையோ ஒருபோதும் நீரில் நனைத்தல் கூடாது. டியூப் நாளடைவில் மஞ்சளித்துக் கெட்டியாகும். அப்போது மோல்டு காதில் சரியாகப் பொருந்தாமல் விசில் ஒலி எழும். மூன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை டியூபை மாற்றச் சொல்வது வழக்கம்.

டோம் உள்ள கருவிகளில், அது கிழிந்தாலோ நிறம் மாறினாலோ புதியது மாற்ற வேண்டும். பொருத்திய பின் இலேசாக இழுத்துப் பார்த்தல் அவசியம். சரியாகப் பொருந்தாத டோம் காதுக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் தாமே எடுக்க முயலாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ரிசீவரின் முனையில் வேக்ஸ் கார்டு என்னும் சிறு வடிகட்டி உண்டு. அதனுடன் வரும் குச்சியின் ஒரு முனை பழையதை இழுத்தெடுக்கவும், மறு முனை புதியதைப் பொருத்தவும் பயன்படும். ஒலி மங்கினால் முதலில் ஐயுற வேண்டியது இவ்வடிகட்டியையே. சில ரூபாய் மதிப்புள்ள இச்சிறு பொருள் அடைபட்டதால், பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள கருவி பயனற்றதாகக் கருதப்படுவதுண்டு.

ஈரமும் பெங்களூர் வாழ்க்கையும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் சென்னையைப் போன்ற புழுக்கம் இல்லை. அதனால் ஈரத்தைப் பற்றி இங்குப் பலரும் எண்ணுவதில்லை. ஆனால் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை தொடர்கிறது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் அது மிகுகிறது. மார்கழிக் காலையில் பனி மூட்டத்தில் கம்பளிக் குல்லாய் அணிந்து நடப்போரின் காதோரத்தில் வியர்வை சேர்கிறது. ஆகவே ஈரம் நீக்கும் பெட்டி எல்லாப் பருவத்திலும் தேவை.

மூடி இறுக்கமாகப் பொருந்தும் சிறு டப்பாவும், அதனுள் சிலிக்கா மணிகளும் இருந்தால் போதும். நீல நிற மணிகள் ஈரத்தை உறிஞ்சியபின் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறியவற்றைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். கருவியை இட்டு வைக்குமுன் செல்லைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் செல்லும் உலர்ந்து விரைவில் தீரும். இம்மணிகள் உண்ணத்தக்கவை அல்ல; குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். சார்ஜ் செய்யும் வகையாயின், ஒவ்வோர் இரவும் நன்கு துடைத்து, உலர்ந்த பின்னரே சார்ஜரில் வைக்க வேண்டும். உறவினர் திருமணத்துக்காகச் சென்னைக்கோ தஞ்சைக்கோ செல்வோர், பெட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்லுதல் கூடாது. அங்குள்ள புழுக்கத்தில்தான் அது மிகுதியும் தேவைப்படும்.

நம் வீட்டு வழக்கங்களிலும் சிறு மாற்றம் வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுதல், முகத்துக்குப் பவுடர் பூசுதல், திருநீறும் குங்குமமும் இடுதல் எல்லாம் முடிந்த பின்னர்க் கடைசியாகவே கருவியை அணிய வேண்டும். பவுடரும் திருநீறும் மைக் துளையில் படிந்தால் ஒலி மங்கும். சாம்பிராணிப் புகை போடும்போதும், இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போதும் முகத்தைச் சற்று விலக்கிக்கொள்ளுதல் நலம். குளிக்கும்போதும், சலூனில் முடி வெட்டிக்கொள்ளும்போதும் கருவியைக் கழற்றிவிட வேண்டும்.

‘என் கருவி ஐ.பி.68 தரத்தது, நீர் புகாது’ என்று சிலர் கருதுகின்றனர். அவ்வெண்களில் முதலாவது தூசுத் தடுப்பையும், இரண்டாவது நீர்த் தடுப்பையும் குறிக்கும். அவை புதிய கருவிக்குக் கிடைத்த ஆய்வக அளவுகோல்களாகும். எண்ணெயும் வியர்வையும் சோப்பு நீரும் நாள்தோறும் படும் பழைய கருவிக்கு அவற்றை முழு உறுதியாகக் கொள்ளுதல் கூடாது.

இருசக்கர வாகனத்தில் செல்வோர் ஹெல்மெட்டைக் கழற்றும்போது, காதுக்குப் பின்னுள்ள கருவியும் உடன் வந்து சாலையில் விழுந்துவிடுவதுண்டு. பின்னால் அமர்ந்து செல்லும் பெரியவர், ஹெல்மெட் அணியுமுன் கருவியைக் கழற்றி அதற்குரிய டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். கைக்குட்டையிலோ டிஷ்யூ தாளிலோ சுற்றி வைத்தால் அது குப்பைக்குப் போகும். சட்டைப்பையில் இட்டால் வாஷிங் மெஷினுக்குப் போகும். நாய் வளர்ப்போர் கருவியைக் கட்டிலருகே திறந்து வைக்க வேண்டா. குறும்பியின் வாசனையும் மெல்லிய விசில் ஒலியும் நாயை ஈர்க்கும்.

செல்லைப் பற்றிச் சில குறிப்புகள்

இன்றைய கருவிகளில் பலவும் துத்தநாகக் காற்றுச் செல்லால் இயங்குகின்றன. அதன் மேல் ஒட்டியுள்ள வண்ணத் தாள் அளவைக் குறிக்கும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். கடையில் எண்ணை மறந்தாலும் நிறத்தைச் சொல்லி வாங்கலாம்.

தாளை உரித்தவுடன் செல்லின் நுண்துளைகள் வழியாகக் காற்று உட்புகுந்து வேதிவினையைத் தொடங்குகிறது. எனவே உரித்த பின் ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து, அதன் பின்னரே பொருத்த வேண்டும். மீண்டும் தாளை ஒட்டினாலும் அவ்வினை நின்றுவிடாது. ஆகவே தேவைக்கு முன் உரித்தல் வீண். கையிருப்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டா. அறையில் உலர்ந்த இடமே போதும். சாவி, நாணயம் ஆகியவற்றுடன் பர்ஸில் சேர்த்து வைத்தலும் கூடாது.

சட்டைப்பைக் கருவியில் பென்சில் செல் இருக்கும். நாள் கணக்கில் பயன்படுத்தாவிடில் அதனைக் கழற்றி வைக்க வேண்டும்; கசிந்தால் உலோக முனைகள் அரித்துவிடும். அதன் கம்பியை முடிச்சிட்டுச் சுற்றினால் இணைப்பில் அறுந்துவிடும்.

தீர்ந்த செல்லைச் சிறு குழந்தைகள் எடுத்து விழுங்கிவிடக்கூடும். அவ்வாறு ஐயம் தோன்றினாலும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஒலி வராவிடில்

கருவி பேசாவிடில் பின்வரும் வரிசையில் பார்க்க வேண்டும். முதலாவது, செல் அறை சரியாக மூடியுள்ளதா, ஒலியளவு குறைக்கப்பட்டுள்ளதா என்று நோக்க வேண்டும். இரண்டாவது, புதிய செல்லை மாற்ற வேண்டும். மூன்றாவது, மோல்டின் துளையிலோ வேக்ஸ் கார்டிலோ அடைப்பு உள்ளதா என்று காண வேண்டும். நான்காவது, டியூப் மடிந்துள்ளதா, அதனுள் நீர்த்துளி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இயங்கும் கருவியை உள்ளங்கையில் வைத்து மூடினால் பொதுவாக விசில் ஒலி எழும். எழுந்தால் கருவிக்கு உயிர் உண்டு என்று கொள்ளலாம்.

அணிந்திருக்கும்போது விசில் தொடர்ந்தால், மோல்டு சரியாக அமராதிருக்கலாம். டியூபில் விரிசல் இருக்கலாம். காதுக்குள்ளேயே குறும்பி மிகுந்திருக்கலாம். கருவி நனைந்துவிட்டால், நிறுத்தி, செல்லைக் கழற்றி, துடைத்து, ஈரம் நீக்கும் பெட்டியில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். ஹேர் டிரையரோ, அடுப்புச் சூடோ, கடும் வெயிலோ காட்டினால் மீதமிருப்பதும் கெடும். இவற்றுக்குப் பின்னும் ஒலி வராவிடில் தாமே திறந்து பாராமல் வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும்.

காதையும் கவனிப்போம்

குறும்பி நோயன்று, காதைக் காக்க உடல் சுரப்பது. இயல்பாக அது தானே வெளியே நகர்ந்துவிடும். கருவி அணிவோருக்கு அவ்வழி பெரும்பகுதி நேரம் அடைபட்டிருப்பதால், குறும்பி உள்ளேயே தங்கக்கூடும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுதல் நலம். பட்ஸ், ஹேர்பின், சாவி முதலியவற்றால் குடைந்தால் குறும்பி மேலும் உள்ளே தள்ளப்படும். சூடான எண்ணெய் விடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். காதில் வலியோ சீழோ இருப்பின் கருவியைக் கழற்றிவிட்டு மருத்துவரை நாட வேண்டும். திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால், கருவியின் குற்றம் என்று எண்ணி நாள் கடத்தாமல் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

பெங்களூர்வாசிகளுக்கு இத்துறையில் நல்ல வசதிகள் உண்டு. நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் பேச்சு, கேட்பியலுக்கெனத் தனித் துறை இருக்கிறது. லிங்கராஜபுரத்தில் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, கேட்டல் நிறுவனம் உள்ளது. மைசூருவில், 1960-களில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம், நாடெங்கும் பணியாற்றும் வல்லுநர்கள் பலரை உருவாக்கியது. பொருள் வசதி குறைந்தோருக்கு, 1981 முதல் நடைபெறும் மத்திய அரசின் ஏடிப் திட்டமும், 2017-இல் தொடங்கப்பட்ட வறியநிலை முதியோருக்கான ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டமும் காதொலிக் கருவி வழங்குகின்றன.

கருவி வாங்கியோர் ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்தி, கருவியின் வரிசை எண்ணை நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். உத்தரவாதக் காலம் முடியுமுன் ஒருமுறை முழுச் சோதனை செய்துகொள்ளுதல் நன்று. நன்கு பேணினாலும் சில ஆண்டுகளில் புதிய கருவி தேவைப்படும். செல், டோம், டியூப் ஆகியவற்றின் செலவும் இடையிடையே வரும். அதற்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து வந்தால், தேவை வரும்போது மகனிடமோ மகளிடமோ கேட்கத் தயங்கி நிற்க வேண்டியிராது.

கண்பார்வை மங்கிய, விரல் நடுங்கும் பெரியவருக்கு வேக்ஸ் கார்டை மாற்றுவது எளிதன்று. வீட்டில் உள்ள இளையோர் ஒருவர் அப்பணியை ஏற்க வேண்டும். இரவு உணவுக்குப் பின் தாத்தாவின் அருகில் அமர்ந்து, கருவியைத் துடைத்து, டப்பாவில் வைக்கும் அந்த இரண்டு நிமிடம் போதும். பீரோவில் கிடக்கும் கருவியை இன்றே வெளியில் எடுத்துப் பாருங்கள். புதிய செல் ஒன்றை மாற்றி, துளையின் அடைப்பை நீக்கிப் பாருங்கள். வரும் நவம்பரில் எங்கள் அலுவலர் கேட்கும் கேள்விக்கு, உங்கள் வீட்டுப் பெரியவர் தாமே விடை கூறட்டும்.